தாளின் வெள்ளை

"நேரா பாருங்க" என்றேன்.
அவ்வளவுதான்.
ரெஜினா எழுந்து நின்று
இடுப்புச் சேலைக்குள் கைவிட்டு
அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள்.

நீட்டிய பிறகுதான்
இரண்டு பேருக்கும் விளங்கியது.
அவள் சிரித்தாள். எனக்கு வரவில்லை.
கல்லடிப் பாலத்தின் இரண்டு முனையிலும்
இதே இரண்டு சொல்லைத்தான்
உடைந்த தமிழில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.
இப்போது அங்கே மாலையில் கச்சான் விற்கிறார்கள்.
சொல் மட்டும்
என் வாய்க்குக் குடிவந்திருக்கிறது.

அட்டையை வாங்கிப் பார்த்தேன்.
பெயர் மூக்காயி.
"அது அப்பா வெச்சது. சேர்ச்சில ரெஜினா.
மாநகரசபைப் புத்தகத்தில இருநூத்திப் பதினேழு.
படத்துக்குக் கீழ நீங்க எதை எழுதுவீங்க?"
நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

அட்டைப் படத்தில் இருந்தது வேறொருத்தி.
பார் வீதி ஸ்டூடியோக்காரர்
கேளாமலே வெளுக்கவைத்துக் கொடுத்தாராம்,
பொம்புளப் புள்ள, நாளைக்கு ஒரு கலியாணம் காட்சியெண்டா உதவும் என்று.
அந்த வெளுப்புக்காகத்தான்
ஊறணியில் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள்.
அட்டை உன்னுடையதில்லை,
இதில் இருப்பவள் எங்கே?
வெயில் சாயும்வரை
தன் முகத்துக்குத் தானே
சாட்சி சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள்.
"கையில ஒரு பவுடர் டப்பா இருந்திருந்தா
அப்பவே வீட்டுக்குப் போயிருப்பன் மிஸ்."

கொஞ்சம் இடப்பக்கம் கிறுகுங்க என்றேன்,
இம்முறை மெதுவாக.
கன்ன எலும்பு. நாடி. கழுத்தில்
ஜெபமாலை உரசிய தடம்.
மூன்று கரித்துண்டு தேய்ந்துபோயிற்று.
மின்சாரம் நின்று மின்விசிறி ஓய்ந்தபோது
வாவிப் பக்கமிருந்து
மீன்வாடி மணம் உள்ளே வந்தது.

அம்மா தேநீர் கொண்டுவந்தார்.
எனக்குப் பூப்போட்ட கோப்பையில்.
அவளுக்கு,
முன்கடைக்கு ஆளனுப்பி வாங்கிய
கடதாசிக் கப்பில்.
குடித்துவிட்டு அதை நசுக்கித்
தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.
எங்கள் வீட்டுக் குப்பை
எங்கே போய்ச் சேருமென்று
அவளுக்குத் தெரியும்.
நான் அப்போது மூக்கின் நிழலில் இருந்தேன்.
இதை எழுதும்போதுதான்
அந்தக் கப்பைப் பார்க்கிறேன்.

முடித்துத் திருப்பிக் காட்டினேன்.
கிட்ட வந்தாள். தூரப் போனாள். மறுகா கிட்ட வந்தாள்.
"இதில ஏன் விட்டுட்டீங்க?"
நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்கு
தாள் வெறுமையாகக் கிடந்தது.
"அது வெளிச்சம்.
வெளிச்சத்துக்குக் கரி போடுறல்ல, தாளை அப்பிடியே விட்டுருவம்."

"நாலரைக்கு நான் காந்திப் பூங்காவடியில
கூட்டத் தொடங்குறன்.
பூட்டிக் கிடக்கிற கடையள்தான் என்னைப் பாக்கிற.
அந்நேரம் என்ட நெத்தியில
எங்கால வெளிச்சம் மிஸ்?
அது தாளுட நிறம்."

நாலு வருடம் படித்தேன்.
பிளாஸ்டரில் வார்த்த தலைகளைச் சுற்றி உட்கார்ந்து
வெள்ளையில் தொடங்கி
இருளைச் சேர்த்துக்கொண்டே போகப் பழகினோம்.
யாருடைய தோலைத் தாள் என்று எடுத்துக்கொண்டோம்
என்பது எந்த வினாத்தாளிலும் வரவில்லை.
அந்த ஒரு தாள் கொழும்பிலிருந்து வந்தது,
ஆயிரத்து நூறு ரூபாய்.

அவள் காசை எண்ணி வாங்கினாள்.
"பேசினது மூணு மணித்தியாலம், இருந்தது நாலு."
எடுத்துக் கொடுத்தேன்.
படியில் செருப்பைத் தேடியவள்
திரும்பிச் சொன்னாள்:
"மூக்காயி எண்டே போடுங்க.
அப்பா பாத்துத்தானே வெச்சார்."

கண்காட்சிக்கு இன்னும் ஒன்பது நாள்.
பக்கத்து வளவில் மேல்மாடி கட்டுகிறார்கள்.
சீமெந்துப் பை ஒன்று கேட்டு வாங்கி,
பிரித்து, தூசு தட்டி,
உள்தாளின் மண்ணிறத்தைச்
சுவரில் ஆணியடித்து வைத்திருக்கிறேன்.
கரி அதில் வேறு மாதிரி இறங்குகிறது.
வெளிச்சத்துக்கு என்ன செய்வதென்று
இன்னும் தெரியவில்லை.

இதுவரை ஒரு காதுதான்.
அதில் இரண்டு துளை,
ஒன்று தூர்ந்திருக்கிறது.